எதிர்வீட்டுப் பொலென்டா

எங்கள் ஊரில் நன்றாகச் சமைக்கிறவள் யார் என்று டெல்ஃபீனாவிடம் கேட்டால், கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணிவிட்டு, "எனக்கென்ன தெரியும், ஃபெர்மோவக் கேளு" என்பாள். ஃபெர்மோ அவள் புருஷன். கூரைக்கு ஓடு போடுகிறவன், அதிகம் பேசமாட்டான். அவனைக் கேட்டால் தன் தட்டைக் காட்டுவான். கழுவி வைத்த மாதிரி இருக்கும். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் காலித் தட்டைப் பார்த்துத்தான் டெல்ஃபீனா தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

போன நவம்பரில் ஒரு மாட்டுக்கொட்டகையின் கூரையிலிருந்து ஃபெர்மோ வழுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்தன. லெக்கோ ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது வீடு வந்து சேர்ந்தான். எலும்பெல்லாம் கூடிக்கொண்டு வந்தது. பசிதான் திரும்பி வரவில்லை.

டெல்ஃபீனா விடுகிறவளா? முயல் குழம்பு வைத்தாள். பன்றி விலாவையும் முட்டைக்கோசையும் போட்டு மூன்று மணி நேரம் வேகவைத்தாள். தினமும் செப்புக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, மக்காச்சோள மாவைத் தூவித் தூவி முக்கால் மணி நேரம் கிண்டி, அவனுக்குப் பிடிக்குமே என்று உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றிப் பொலென்டா கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவன் இரண்டு வாய், மூன்று வாய் தின்றுவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவான்.

"போதும் டெல்ஃபீனா."

"மூணு வாய்தான் போயிருக்கு."

"போதும்னா போதும்."

என் மளிகைக் கடை அவர்கள் சந்தின் முனையில் இருக்கிறது. காலையில் ரொட்டி வாங்க வரும்போது முந்தின நாள் அவன் எவ்வளவு மிச்சம் வைத்தான் என்று எனக்கு ஒப்பிப்பாள். ஜனவரியில் ஒரு நாள், "கல்யாண மோதிரம் அவன் விரல்ல நிக்க மாட்டேங்குது பியெரா, கழட்டி டப்பாவுல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம்தான் எதிர்வீட்டு ஒர்சோலா ஒரு கிண்ணத்தோடு வந்து அவர்கள் கதவைத் தட்டினாள்.

ஒர்சோலாவின் புருஷன் அத்தீலியோ மலையடிவாரத்தில் சீஸ் பதப்படுத்தும் குகைகளில் வேலை பார்த்தவன். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பத்தொன்பது வயதாயிருந்தபோது, ஒரு கோடை முழுக்க ஃபெர்மோவும் அவளும் சேர்ந்து சுற்றியிருக்கிறார்கள், கோயில் திருவிழாவில் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். அப்புறம் அவள் அத்தீலியோவைக் கட்டிக்கொண்டாள். பல வருஷம் கழித்து ஃபெர்மோ பக்கத்து ஊரிலிருந்து டெல்ஃபீனாவைக் கட்டிக்கொண்டு வந்தான். ஊருக்கே தெரிந்த பழங்கதை. டெல்ஃபீனாவுக்கும் தெரியும். இத்தனை வருஷம் அது அவளை உறுத்தியதில்லை.

கிண்ணத்தில் இருந்தது இளகலான பொலென்டா. அதன் நடுவே கொர்கொன்சோலா, நீல நரம்போடிய அந்தச் சீஸ், பாதி உருகிப் பாதி உருகாமல் கிடந்தது. மேலே நாலைந்து வால்நட் பருப்பு. டெல்ஃபீனாவுக்குக் கொர்கொன்சோலா வாடையே ஆகாது. கல்யாணமான புதிதில் ஃபெர்மோ ஒரு துண்டு வாங்கிவந்ததை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அது அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அவனும் கேட்டதில்லை.

வாங்கிய கையோடு கோழிக்குப் போடத்தான் நினைத்தாள். ஆனால் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அது என்ன வாசன?"

"ஒர்சோலா கொண்டு வந்தா. உனக்கு ஆகாது."

"கொண்டா இங்க."

கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் வாடை தாங்காமல் வெளியே போனாள். விறகு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவன் கிண்ணத்தைச் சாய்த்து ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

"எனக்குச் சந்தோஷமாத்தானே இருக்கணும்?" என்று மறுநாள் என்னிடம் கேட்டாள். "ரெண்டு மாசத்துல அவன் வயிறு நிறையச் சாப்பிட்டது அதுதான். எனக்கு அந்தக் கிண்ணத்தச் சுவத்துல அடிக்கணும் போல இருந்துச்சு."

செவ்வாய், வியாழன், சனி என்று கிண்ணம் வர ஆரம்பித்தது. ஃபெர்மோவின் கன்னத்தில் நிறம் ஏறியது. காலிக் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம், "நல்லா இருந்துச்சுன்னு அவகிட்டச் சொல்லு" என்பான். கிண்ணம் வராத நாட்களில் அதே மூன்று வாய்தான். ஒரு புதன்கிழமை, "இன்னிக்கு வியாழனா?" என்று கேட்டுவிட்டான். அன்று டெல்ஃபீனா அவனோடு பேசவே இல்லை.

அவள் பார்வை எதிர்வீட்டையே சுற்றியது. ஒர்சோலா எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறாள், யாரோடு சிரிக்கிறாள், எல்லாம் கணக்கு. "கவனிச்சியா பியெரா? கிண்ணம் கொண்டு வர்ற அன்னிக்கு மட்டும் பச்சத் தலைத்துணி கட்டுறா. மத்த நாள்ல அந்தப் பழைய சாம்பல் கலருதான். அறுபது வயசுல இவளுக்குப் பச்ச கேக்குது!"

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

"நீ அவ கட்சியா?"

பிப்ரவரியில் ஒரு காலை கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். கதவைச் சாத்தினாள். சீஸ் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கைகாட்டி, "அதுல கொஞ்சம் வெட்டு" என்றாள், முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு.

"எதுல?"

"தெரியாத மாதிரி கேக்காத."

இனிப்பும் காரமும் என்று அதில் இரண்டு வகை உண்டு. நான் இளசான, இனிப்பு வகையில் வெட்டிக் கொடுத்தேன். மூன்று காகிதம் சுற்றச் சொல்லி வாங்கிப் போனாள். அன்றைக்குச் சமைத்ததில் தோற்றுப்போனாள். கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கும்போதே சீஸை உள்ளே போட்டுக் கிண்டியிருக்கிறாள். எண்ணெய் தனியாகப் பிரிந்து, சீஸ் திரிந்து, ஒரே கசப்பு. ஃபெர்மோ மூன்று வாய் தின்றான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். அந்த 'தான்' இருக்கிறதே, அதை அவள் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லிக் காட்டியிருப்பாள்.

மறுபடி வந்தாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கரகரப்பாக அரைத்த மாவாக எடு. தண்ணியில் பாதி பால் கலந்துகொள். கிண்டி முடித்து அடுப்பிலிருந்து இறக்கு. சூடான கிண்ணத்தின் அடியில் சீஸைக் கிள்ளிப் போட்டு அதன் மேல் பொலென்டாவை ஊற்று, நடுவில் குழி பண்ணி இன்னும் கொஞ்சம் சீஸ் வை, ஒரு தட்டுப் போட்டு மூடு. கிண்டவே கூடாது. அது தானே உருகட்டும்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை அவள் என்ன செய்தாள் தெரியுமா? காலையிலேயே இதே மாதிரி சமைத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். ஒர்சோலா கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும், அதில் இருந்ததைக் கோழிக்குக் கொட்டினாள். கிண்ணத்தைக் கழுவிச் சூடு பண்ணி, தன்னுடைய பொலென்டாவை அதில் நிரப்பி, வால்நட் பருப்பை அதே மாதிரி மேலே வைத்து, ஃபெர்மோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்தாள். 'இது ஒர்சோலா பண்ணினது இல்லையே' என்று முகம் சுளிப்பான், வித்தியாசம் கைப்பக்குவத்தில்தான், ஆளில் இல்லை என்று அப்போதாவது தன் மனசு அடங்கும் என்று. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்பூன் கிண்ணத்தில் உரசும் சத்தம் நிற்கவே இல்லை. கடைசியில் ஃபெர்மோ கூப்பிட்டான்.

"ஒர்சோலாகிட்டச் சொல்லு. இன்னிக்கு மாதிரி என்னிக்கும் இல்ல. அவ கைப்பக்குவமே தனி."

உள்ளே போனாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே முழுதாக ஞாபகமில்லை, சத்தம் மட்டும் சந்து முழுக்கக் கேட்டது.

"அது நான் பண்ணுனது! இந்தக் கையால! அவளோடத கோழி தின்னுக்கிட்டு இருக்கு, போய்ப் பாரு!"

ஃபெர்மோ கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்படின்னா நீ நல்லாப் பண்ணியிருக்க."

"எங்கிட்டச் சொல்லாத! அவ பேரச் சொன்னா உள்ள போவுது, என் பேரச் சொன்னா தொண்டையில நிக்குது. அவ மேல உனக்கு இன்னும் ஆசை இருக்கு, அதச் சொல்லு. இருபத்தெட்டு வருஷம் நான் கொட்டினதெல்லாம் எங்க போச்சு?"

அவன் கிண்ணத்தை மெதுவாகக் கட்டில் ஓரத்தில் வைத்தான். பேசாத மனுஷன் பேசுவதற்கு வார்த்தை தேட வேண்டும் அல்லவா?

"நீ சாப்பாடு குடுத்துட்டு அங்க நிப்ப" என்று கட்டில் காலைக் காட்டினான். "எத்தன வாய் போகுதுன்னு எண்ணுவ. உன் உதடு அசையிறது எனக்குத் தெரியும். நாலாவது வாய எடுத்தா உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும், ஸ்பூனக் கீழ வச்சா நான் செத்துப்போன மாதிரி பாப்ப. அதுக்கப்புறம் ஒரு வாய் இறங்காது. அவ கிண்ணம் வந்தா அந்த வாடைக்கு நீ வெளிய போயிடுவ. நான் தனியா இருப்பேன். சும்மா பசிக்கிற ஒரு ஆளு மாதிரி இருப்பேன். அவ்வளவுதான்."

டெல்ஃபீனா காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மேல்கோட்டுகூடப் போடாமல், பனியில் சந்தைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினாள். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது உடையும் சத்தம் கேட்டால் ஓடலாம் என்று தயாராக இருந்தேன். எதுவும் உடையவில்லை. அங்கே நடந்ததை இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள், கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

"என் புருஷனுக்கு எதுக்குடி கிண்ணம் கிண்ணமாக் கொண்டு வர்ற? நேராச் சொல்லிடு."

ஒர்சோலா அவளை அடுப்பருகே இழுத்துக்கொண்டு போய்த் தன் கொப்பரையைக் காட்டினாள். "இது அத்தீலியோ வாங்குனது. எட்டுப் பேருக்கு ஆகும். ஒரு ஆளுக்குன்னு பொலென்டா கிண்டிப் பாத்திருக்கியா நீ? வராதுடி. அடிப்பிடிச்சுக் கட்டியாப் போயிடும். ஆறு வருஷமாப் பாதியத் தின்னுட்டுப் பாதிய நாய்க்குப் போடுறேன். உன் புருஷன் சாப்பிட மாட்டேங்குறான்னு பியெரா சொன்னா. சரி, நாய்க்குப் போடுறத இவனுக்குக் குடுத்துப் பாப்போம்னு தோணுச்சு."

"என் புருஷனும் உன் நாயும் ஒண்ணா?"

"நாயும் ஒரு நன்றி சொன்னதில்ல. இவனும் சொல்லி அனுப்புனதில்ல. நீயே சொல்லு, என்ன வித்தியாசம்?"

ஃபெர்மோ சொல்லச் சொன்னதையெல்லாம் தான் ஒரு தடவைகூட வந்து சொல்லவில்லை என்பது டெல்ஃபீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் விடவில்லை.

"அப்ப அந்தப் பச்சத் தலைத்துணி எதுக்கு?"

ஒர்சோலாவின் காதுவரை சிவந்துவிட்டது. "கவனிச்சுட்டியா?" என்றாள். "நான் கிண்டுனத வேற ஒருத்தர் தின்னு, கிண்ணம் காலியாத் திரும்பி வந்தா ஒரு சந்தோஷம். அதுக்குக் கட்டுனேன். அவனுக்காகன்னு நினைச்சியா? அவன் அந்த ரூமுக்குள்ள படுத்திருக்கான், என் தலையில பச்சையா சிவப்பான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பாத்தது நீ மட்டும்தான்."

டெல்ஃபீனா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோழிக்குக் கொட்டியதைச் சொன்னாள்.

அதற்குத்தான் ஒர்சோலாவுக்குக் கோபம் வந்தது. "கொர்கொன்சோலாவயா? கோழிக்கா? அறிவிருக்கா உனக்கு?"

அதற்கப்புறம் ஃபெர்மோ சாப்பிடும்போது டெல்ஃபீனா கால்மாட்டில் நிற்பதில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு அடுக்களையில் போய் ஏதாவது பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள். உள்ளே போய்ப் பார்க்காமல் இருப்பதற்கு மேஜை விளிம்பைக் கையால் பிடித்துக்கொள்வேன் என்றாள். முயல் குழம்பு பாதி போனது. அடுத்த வாரம் முழுக்கப் போனது. எதிர்வீட்டுக் கிண்ணம் மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மார்ச் கடைசியில் ஃபெர்மோ கைத்தடியோடு படியிறங்கினான். ஒர்சோலா இருவரையும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். டெல்ஃபீனா நல்ல ஷூவைப் போட்டுக்கொண்டு போய், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு வாய் தின்றாள். பிடிக்கவில்லை. ஆனால் வாந்தி வரவில்லை என்று பெருமையாகச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில், சந்தின் நடுவில், அவனை நிறுத்திக் கேட்டாள். "அவ மேல உனக்கு ஆசை இருந்துச்சா?"

"அந்தக் கோடையில, ஆமா" என்றான் ஃபெர்மோ. "ரொம்ப."

இரண்டு நாள் அவள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். நான் ரொட்டியை எடுத்து வைத்தேன்.

"இப்ப எப்படி இருக்க?" என்றேன்.

"பொறாமை போகல பியெரா. ஆனா எதிர்வீட்டுக்காரி மேல இல்ல. அவளப் பாத்தா பாவமா இருக்கு, சில நேரம் சிரிப்பாக்கூட இருக்கு. அந்தப் பத்தொன்பது வயசுப் பொண்ணு இருக்காளே, அவ மேலதான். அவள நான் பாத்ததுகூட இல்ல. எங்க போய்த் தேடிச் சண்ட போடுறது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்து, "அதுல கொஞ்சம் வெட்டு, காரமான வகையில" என்றாள். "அவனுக்கு அதுதான் பிடிக்குமாம். இப்பதான் வாயத் திறந்து சொல்றான்."