ஈரப்புடவை வரிசை

சின்னக் காஞ்சிபுரத்து மாதர் சங்கத்திற்கு ரமாமணி போட்டியின்றித் தலைவியானாள். அப்பொறுப்பை வேறு எவரும் விரும்பவில்லை என்பதே அதன் பொருள். அவள் அதை அவ்வாறு கொள்ளவில்லை. நேரந்தவறாமை, தெளிவான பேச்சு, ஒழுங்கு ஆகிய மூன்றும் ஒரு தலைவிக்குப் போதும் என்பது அவள் கொள்கை. மூன்றும் தன்னிடம் உள்ளன என நம்பினாள். அந்த நம்பிக்கையில் பிழையும் இல்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில், அக்கிரகாரமும் நெசவாளர் சந்தும் கூடும் முனையில் குழாய் வந்தது சங்கத்தின் முயற்சியால்தான். நகராட்சி அலுவலகத்தில் ரமாமணி குறையைக் கோவையாக எடுத்துரைத்தாள். அதிகாரி தலையசைத்துவிட்டு வேறொரு கோப்பைப் புரட்டினார். அப்போது சந்திலிருந்து உடன்வந்த பொன்னியம்மாள் ஒரு சொம்பை அவர் மேசைமேல் வைத்து, “குளத்துத் தண்ணி சார். இதத்தான் குடிச்சிக்கினு இருக்கறோம். ஒரு வாய் குடிச்சுப் பாரு” என்றாள். அவர் குடிக்கவில்லை, குழாய்க்கு உத்தரவிட்டார். திறப்பு நாளில் மாலை ரமாமணிக்கு விழுந்தது. அவள் அதைக் கழற்றி எவருக்கும் போடவில்லை.

அந்த மாதமே குளம் வற்றியது. குழாயில் விடியற்காலையில் சிறிது நேரமே தண்ணீர் வரும். அக்கிரகாரத்துப் பெண்கள் வீட்டுக் கிணற்றின் உப்புநீரில் குளித்து, ஈரப்புடவையோடு மடியாக வந்து, பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். இடையில் யாரேனும் தொட்டுவிட்டால் திரும்பிப்போய்க் குளிக்க வேண்டும். ஒருநாள் நெரிசலில் ரமாமணியின் மாமியார் ஹேமாம்புஜத்தின்மேல் யாருடைய முழங்கையோ பட்டது. அவள் மீண்டும் குளித்து வருவதற்குள் குழாய் நின்றுவிட்டது. அன்று பெருமாளுக்குத் தளிகை இல்லை. ஆகவே வீட்டில் எவருக்கும் இல்லை.

ரமாமணி சங்கத்தைக் கூட்டினாள். ஈரப்புடவையோடு வருபவர்கள் முதலில் பிடிப்பது, மற்றவர்கள் பின்னர் பிடிப்பது என்று தீர்மானம் படித்தாள். அதில் தெருவின் பெயரோ சாதியின் பெயரோ வராமல் கவனமாக இருந்தாள். குளித்துவிட்டு வரும் எவரும் முதல் வரிசையில் நிற்கலாம் என்று விளக்கவும் செய்தாள்.

“எவருமா?” என்று வீட்டில் ஹேமாம்புஜம் கேட்டாள்.

“எவரும்தான், அம்மா.”

மாமியாரை எதிர்த்து ஒரு நியாயத்தை நிலைநாட்டியதாக அன்று அவளுக்கு நிறைவு. சந்துப் பெண்கள் எதுவும் சொல்லாமல் எழுந்து போயிருந்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

வரிசை ஒழுங்குபட்டது. சந்திலிருந்து வருபவர்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள். கூச்சல் அறவே நின்றது. தன் தலைமையின் பயன் என்று ரமாமணி கருதினாள். பிறகு நகராட்சியிலிருந்து செய்தி வந்தது: இந்தக் குழாயில் பிடிப்பவர் சிலரே, வேறு பகுதிக்கு மாற்றப்போகிறார்கள். எல்லாரும் திரண்டு போய்க் கேட்டால் ஒழியக் குழாய் இங்கே தங்காது. அவள் கூட்டம் அறிவித்தாள். சந்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஆகவே அவளே போனாள். குழாய்க்கு அப்பால் அவள் கால் வைத்தது அதுவே முதல்முறை. சந்தின் நீளத்துக்கும், தறியில் ஏற்றுமுன் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு நீட்டியிருந்தது. சுவரோரமாக ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது. பெண்கள் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள்.

“தலைவியம்மா வந்துக்கினு இருக்காங்க,” என்றாள் மறுகோடியில் நின்ற செல்லியம்மாள். “ஈரம் காஞ்சுபோச்சு போலகீது.”

சிலர் சிரித்தார்கள். பொன்னியம்மாள் சிரிக்கவில்லை, வேலையிலிருந்து தலையை எடுக்கவும் இல்லை. குழாய் போய்விடப்போகிறது என்பதையும், திரண்டு வந்தால்தான் காக்கலாம் என்பதையும் ரமாமணி சொன்னாள். குளித்துவிட்டு வந்தால் அவர்களும் முன்னால் நிற்கலாமே, அதை யாரும் தடுக்கவில்லையே என்றும் சேர்த்துக்கொண்டாள்.

“குளிக்கத் தண்ணி வோணும்மா,” என்றாள் பொன்னியம்மாள். “அந்தத் தண்ணி குழாயிலதான் இருக்குது. உங்க வூட்டுக்குள்ள கெணறு இருக்குது. எங்க வூட்டுல இல்ல.” ஓர் இழையை முடிந்து, விரலால் நீவிவிட்டாள். “பாவு நீட்டறதுக்குள்ள தண்ணி புடிச்சாவணும். எங்க முறை வரசொல்ல குழாய் நின்னுடுது. அன்னிக்கே சொல்லியிருப்போம். நீங்க படிச்சீங்க. கேக்கலியே.”

ரமாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வெயில்ல வந்துருக்கீங்க, தண்ணி குடுக்கணும். நீங்க குடிக்க மாட்டீங்க, அது வேற. குடுக்கறதுக்கும் இல்ல.”

பொன்னியம்மாளின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ரமாமணிக்கு எளிதாக இருந்திருக்கும். தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்த கணமே, அதை மறுப்பதற்கான நயமான வாக்கியம் ஒன்று அவள் நாவில் ஆயத்தமாகியிருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, பாவைத் தொடாமல் சுவரோரமாகவே திரும்பி நடந்தாள்.

மறுநாள் விடியலில் அவள் உலர்ந்த புடவையோடு குழாயடியில் நின்றாள். ஈரப்புடவைகள் வந்து சேர்ந்தன. தான் போட்ட வரிசை தவறு என்றும், சந்துக்காரர்கள் பிடித்த பிறகே மற்றவர்கள் என்றும் சொன்னாள். தெளிவான பேச்சு அன்று கைகொடுக்கவில்லை. இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது.

“ஏண்டி, ஈரத்தோட நிக்கறேன் நான்,” என்றாள் ஹேமாம்புஜம். “நீ யாருக்குத் தலைவி?”

 ரமாமணி குழாயின்மேல் கை வைத்தபடி நின்றாள். சந்திலிருந்து எவரும் வரவில்லை. காத்திருந்தவர்களின் புடவைகள் உடம்பிலேயே உலரத் தொடங்கின. குழாயைத் திறந்துவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை என்ற எண்ணம் ஒருமுறை அல்ல, பலமுறை வந்தது.

கடைசியில் பொன்னியம்மாள் மட்டும் குடத்தோடு வந்தாள். குடம் நிரம்பியதும் நிமிர்ந்து கேட்டாள்.

“இன்னிக்கு மட்டுமா, நாளைக்குமா?”

“நாளைக்கும்.”

பொன்னியம்மாள் சந்தைப் பார்த்துக் கையசைத்தாள். குடங்கள் வந்தன. “ஆபீசுக்கு நாங்க போறோம்மா,” என்றாள். “வர்றதுன்னா நீங்களும் வாங்க. பேசறத நான் பேசிக்கறேன்.”

அலுவலகத்தில் அதிகாரி வழக்கம்போல் ரமாமணிக்கு நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை. பொன்னியம்மாள் பேசி முடித்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இத்தனை பேருக்குத் தேவை என்றால், இத்தனை நாள் ஏன் பிடிக்க வரவில்லை?

 பொன்னியம்மாள் திரும்பி ரமாமணியைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கட்டாயம் இல்லை. உள்ளூர்ச் சண்டை என்று சொல்லித் தப்பியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார்.

“நான் போட்ட வரிசைதான் காரணம், சார்,” என்றாள் ரமாமணி. “அவாள்ளாம் வந்துண்டுதான் இருந்தா. தண்ணி கிடைக்காதபடி நான் பண்ணிட்டேன்.”

அதிகாரி கோப்பில் ஒரு வரி எழுதினார். குழாய் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

திரும்பும் வழியில் பெண்கள் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். ரமாமணி பின்னால் நடந்தாள். எவரும் அவளுக்காக நிற்கவில்லை; வராதே என்றும் எவரும் சொல்லவில்லை.