காலண்டரில் வந்த ஜன்னல்கள்

எங்கள் லைன் வீடுகள் பதினொன்று. விக்டோரியா மகாராணி காலத்தில் பஞ்சுக் கம்பெனி துரை ஒருவர் தன் குமாஸ்தாக்களுக்காக விருதுநகரில் கட்டியவை. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஐந்தாம் வீட்டில் ஆணி அடித்தால் ஆறாம் வீட்டில் சாமி படம் விழும். தெருப்பக்கம் ஜன்னலே கிடையாது. குமாஸ்தாக்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று துரை பயந்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆதாரம் இல்லை.

என் இளவயதில் அவற்றின் சொந்தக்காரர் லட்சுமிகாந்தம் முதலாளி. மாலை வகுப்பில் டைப் படித்த நான் அவருக்குக் கடிதங்கள் அடித்துக் கொடுப்பேன். ஏழாம் வீட்டு நர்ஸ் ஞானதீபம் அக்கா மூன்று முறை மனு கொடுத்தார்: அம்மாவுக்கு இழுப்பு, மூச்சு முட்டுகிறது, முன்சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும், செலவு தன்னுடையது.

"ஏலே, ராணி காலத்துச் சுவரு! அதுல கை வைக்கச் சொல்றாகளா? காத்து வேணும்னா அந்தம்மா தெருவுல வந்து உக்காரட்டும்" என்றார் முதலாளி.

மூன்று மறுப்பையும் நான்தான் அடித்தேன். மூன்றாவதில் ஒரு பிழைகூட இல்லை.

1961 கடைசியில் முதலாளிக்குத் தெருவைக் காலண்டரில் போட ஆசை வந்தது. போட்டோவைச் சிவகாசி அச்சகத்துக்கு நான் கொண்டுபோனேன். அங்கே ஓவியர் மாரிசாமி போட்டோவைப் பார்த்து வண்ணப்படம் வரைவார். அழகு போதாத இடத்தில் தானே சேர்த்துக்கொள்வார்.

"என்ன தம்பி, ஜெயிலா? மொட்டைச் சுவரா இருக்கு. ஜன்னல் போட்டுருவமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது தைரியமா, கோழைத்தனமா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

காலண்டர் வந்தது. பதினொரு வீட்டிலும் பச்சை ஜன்னல்கள். நடுத்தெருவில் தாமரைக் குளம், அதில் இரண்டு அன்னம். முதலாளி கோபத்தில் குதித்தார். ஆனால் அவர் முன்பே சொல்லிவைத்தபடி, அச்சகம் முதல் பிரதியைச் சீமையில் இருக்கும் துரையின் பேரனுக்கு அனுப்பிவிட்டிருந்தது. பதில் வந்தது: "தாத்தா வைத்த ஜன்னல்கள் அற்புதம். பிப்ரவரியில் பார்க்க வருகிறேன்."

துரை பேரன் முன்னால் படம் பொய்யாகிவிடக் கூடாதே! பத்தே நாளில் ராணி காலத்துச் சுவர்கள் பதினொன்றும் ஜன்னலுக்காக உடைபட்டன.

"குளம், முதலாளி?"

"மழையில்லாம வத்திருச்சுன்னு சொல்லுவோம்லே."

பேரன் வந்தார். ஏழாம் வீட்டு ஜன்னலில் ஞானதீபம் அக்காவின் அம்மா காற்று வாங்கிக்கொண்டிருந்தார். "எல்லாம் ராணி காலத்து ஜன்னலுக" என்றார் முதலாளி. நான் இங்கிலீஷில் சொன்னேன். பேரன் பக்தியோடு ஜன்னல் கதவைத் தொட்டார். விரலில் பச்சைப் பெயின்ட் ஒட்டியது.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அடுத்த வருசப் படத்துல ஒரு தண்ணிக் குழாயும் போடச் சொல்லு."