மூன்றாவது ஸ்டெப்

திண்டிவனத்தில் எங்கள் எதிர்வீட்டுக் கெங்கம்மாள், மயிலம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவது சினிமாப் பாட்டு டான்ஸ் வகுப்புக்கு. கணவர் தாண்டவராயனுக்குத் தெரிந்தால் அன்றோடு வகுப்பு நின்றுவிடும். பொம்பளைகள் ஆடினால் குடும்பம் உருப்படாது என்று தெருவுக்கே பாடம் நடத்துகிறவர் அவர். பாவம், பட்டா விஷயமாக வாரம் மூன்று நாள் விழுப்புரம் அலைகிறார். பட்டா வந்தபாடில்லை, தொப்பை மட்டும் குறைந்திருக்கிறது.

வகுப்பெடுக்கும் பிரவீன்குமார் மாஸ்டர், மூன்றாவது ஸ்டெப்பில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதையும் ஸ்டெப் என்றே கற்றுக்கொண்டார்கள்.

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் வகுப்புப் பாட்டையே போட்டுவிட்டார்கள். கெங்கம்மாள் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாண்டவராயனின் கால் தானாகத் தாளம் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்றாவதில் துண்டை உருவி, அந்த ஏசி ஹாலில் வியர்க்காத முகத்தைத் துடைத்தார்.

"இன்னாங்க, பிரவீன் மாஸ்டரு விழுப்புரத்துலயும் கிளாஸ் எடுக்கிறாரா?"

அவர் முகம் இப்போதுதான் வியர்த்தது. "தெருவுல யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாதம்மே."

"சொல்லல. நாளைலேர்ந்து நான் நேரா கிளாஸுக்கே போறேன், மயிலம் வேணாம்."