தலாஸ் 417, நாரின் 417

தலாஸ் மாவட்டத்தில் உயிரோடு புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பந்தயக் குதிரையைக் கணினி செத்துப்போனதாக எழுதிவைத்துவிட்டது. செத்தது என்னவோ நாரின் மாவட்டத்தில் ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரை. இரண்டின் தொடையிலும் போட்டிருந்த சூட்டு எண் 417. செத்த குதிரைக்குப் பந்தயத்தில் இடம் ஏது? வருடம் முழுக்கப் பழக்கியதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குதிரை வளர்ப்போர் சங்கத்துக்காரர் ஜூமாபெக் நேராகத் தலைநகர் பிஷ்கெக்கில் புரோகிராம் எழுதிய கம்பெனி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தேநீரைக்கூடத் தொடவில்லை. "இதை எழுதினது யாரு? அந்த ஆள் இங்க இருக்கிற வரைக்கும் உங்க கம்பெனியோட எங்களுக்குப் பேச்சே இல்ல" என்றார்.

அந்தப் பகுதியை எழுதிய பெகிமாய் பதறவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் சூட்டு எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்று முதல் நாளே கண்டுபிடித்தவள் அவள். மாவட்டமும் எண்ணும் சேர்ந்தால்தான் குதிரைக்கு அடையாளம் என்று இரட்டைச் சாவி வைத்திருந்தாள். டேட்டாபேஸில் இருப்பதைப் புரோகிராமுக்குள் கொண்டுவரும் கருவிக்கு இரட்டைச் சாவி என்றாலே வேப்பங்காய். சாவிக்கென்று தனியாக எழுது, ஒப்பிடும்போது இரண்டு பாதியையும் ஒப்பிடு என்று ஆயிரம் கேட்கும். கேட்டதையெல்லாம் கொடுத்திருந்தாள். ஒரு பாதியை விட்டால் போதும், எந்த ஊர் 417-ஐக் கேட்டாலும் முதலில் சிக்கியதை எடுத்து நீட்டிவிடும்.

குழுத் தலைவர் தாலாய்க்குத்தான் அது பிடிக்கவில்லை. ஆறு வருடமாக அவரை பைகே, அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறாள். அவருக்கு இவள் கரிந்தாஷ், தங்கை.

"மாவட்டத்தைத் தூக்கிடு, கரிந்தாஷ். சனிக்கிழமை சங்கத்துக்குக் காட்டணும், இது சண்டித்தனம் பண்ணுது."

"முடியாது, பைகே. ரெண்டு குதிரை ஒண்ணாயிடும்."

"சரி, உன் இஷ்டம்" என்று அன்று போய்விட்டார்.

இப்போது அதே தாலாய், "அது பெகிமாய் எழுதின பகுதி. நான் என்ன சொல்ல?" என்றார்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பட்டியலைத் திரையில் திறந்தாள். மாவட்டத்தை ஒப்பிடும் வரி அழிக்கப்பட்டிருந்தது. அழித்தவர்: பெகிமாய். வியாழக்கிழமை, காலை 11:20.

அந்த வியாழக்கிழமை அவள் சொந்த ஊர் கோச்கோரில், அப்பாவைக் கிடத்தியிருந்த கம்பளிக் கூடாரத்தில், பெண்கள் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாவுச் செய்தி வந்து அலறியடித்துக்கொண்டு கிளம்பியபோது, "பாஸ்வேர்டைக் கொடுத்துட்டுப் போ, எது நின்னாலும் நான் பாத்துக்கறேன்" என்றவர் இந்தத் தாலாய்தான். வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு அலுவலகமே வேனில் வந்தது. கூடாரம் கண்ணில் பட்டதும் வழக்கப்படி வாய்விட்டு அழுதுகொண்டு முதலில் ஓடிவந்தவரும் இவர்தான். கூடப்பிறந்தவன்கூட இப்படி அழமாட்டான் என்று நினைத்தாளே, பாவி.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் எங்க இருந்தேன், பைகே?"

தாலாய் கண்ணாடியைத் துடைத்தார். "இந்தக் காலத்துல எங்க இருந்தாலும் செய்யலாமே. கையில போன் இருந்திருக்கும்."

அவள் அடுத்த மேசையில் வேலை பார்க்கும் மெடெரைப் பார்த்தாள். அப்பாவின் குழியில் மண் தள்ளியவன் அவன்.

"நீ சொல்லு, மெடெர்."

"எனக்கென்ன தெரியும்" என்றான், மேசையைப் பார்த்து.

"எங்க இருந்தேம்மா?" என்று ஜூமாபெக்தான் கேட்டார்.

"எங்கப்பா சவத்துக்குப் பக்கத்துல."

முன்பின் தெரியாத அந்த மனிதர் உடனே இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, செத்தவருக்காக ஓதினார். பெரியவர் கையேந்தினால் யாரும் சும்மா இருக்க முடியாது. மெடெர் ஏந்தினான். தாலாயும் ஏந்தினார். ஓதி முடித்து எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"துக்கம் பெருசுதான், மகளே" என்றார் ஜூமாபெக். "ஆனா இங்க உன் பேருதானே இருக்கு."

"ஆமா, ஐயா. அவரை நம்பிப் பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன்."

தாலாயின் கைகள் மட்டும் இன்னும் முகத்திலிருந்து இறங்கவில்லை.