புயல் பையில் பேட்டரி

புயல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட, ஒரு பையைக் கட்டிக் கதவருகே மாட்டியிருந்தாள் தையல்காரரின் மனைவி. அதிலிருந்த டார்ச்சின் பேட்டரியைக் கமுக்கமாக உருவி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார் அவர். புயலாவது, வருவதாவது.

வந்தேவிட்டது. கரண்ட் போய், வாசற்படிக்குத் தண்ணீர் ஏறியது.

“பையில டார்ச் இருக்கு, எடுங்க,” என்றாள்.

திட்டு வாங்கத் தயாராகிப் பொத்தானை அழுத்தினார். பளிச்சென்று எரிந்தது. பைக்குள் அவருடைய மாத்திரை, மாற்றுக் கண்ணாடி, அடியில் இன்னொரு ஜோடி பேட்டரி.

“டார்ச்சுல வேற போட்டுட்டேன். அதையும் நீங்க உருவிட்டா, இது.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“செத்துக் கெடந்த ரிமோட் திடீர்னு வேலை செஞ்சப்பவே.”

இவளோடு குப்பை கொட்டக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டி, அவளை முன்னே விட்டு, அவள் காலடிக்கு வெளிச்சம் காட்டியபடியே மாடி ஏறினார்.