ஏச்சுப்பால்

ஜெசிந்தாவை யாராவது ஏசினால்தான் அவள் பிள்ளைக்கு எடை ஏறும். முதலில் அவளும் பால் கொடுத்துத்தான் பார்த்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. "பச்சப் பிள்ளைய பட்டினி போட்டே கொன்னுருவா போலிருக்கே" என்றாள் மாமியார் ரோஸ்லின். உடனே அது சப்புக்கொட்டிவிட்டு அசந்து தூங்கியது.

ஆஸ்பத்திரியில், பால் கொடுக்கத் திணறும் தாய்மாருக்கு யோசனை சொல்வதற்கென்றே இருந்த பிலோமினா சிஸ்டர் பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்தார்.

"சில பிள்ளைங்க இப்படித்தாம்மா. வேளாவேளைக்கு ஏச்சு விழணும். ஏசுறவங்க மனசார ஏசணும். கடமைக்கு ஏசினா வயிறு உப்பிக்கும். வீட்டுக்காரர் ஏசுவாரா?"

"அவருக்கு அது வராது சிஸ்டர்."

"அப்ப கொஞ்சம் தள்ளியே இருக்கச் சொல்லுங்க. ஆறுதல் பிள்ளைக்குச் சேராது."

சிஸ்டர் சொன்னது சரிதான். ஒருநாள் கணவன் ஜெரோம் மனசு கேட்காமல், "நீ நல்லாத்தான் பாத்துக்கிடுற, ஜெசி" என்று சொல்லிவிட்டான். பிள்ளை வாந்தியெடுத்து, விடிவதற்குள் கன்னம் ஒட்டிப்போயிற்று. அதன் பிறகு அவன் வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

தெரு தாராளமாக இருந்தது. பூசை முடிந்து வருகிற பெண்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "கான்வென்ட்ல படிச்சவளுக்குப் பால் குடுக்கத் தெரியலையாக்கும்?" என்று எதிர்வீட்டு மரியபுஷ்பம் கேட்டதில் மட்டும் பிள்ளைக்குத் தொடையில் இரண்டு மடிப்பு விழுந்தது. ஜெசிந்தாவின் பால் நைட்டியை நனைத்தது. அதைக் குளியலறையில் பீய்ச்சிக் கொட்டினாள். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிறகு தெருக்கோடியில் இன்னொருத்திக்கு ஆபரேஷனில் பிள்ளை பிறந்தது. ஏச்செல்லாம் அங்கே போய்விட்டது. ரோஸ்லினுக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. பிள்ளையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஜெசிந்தா அவனைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக நின்றாள்.

"அக்கா, ரெண்டு வார்த்தை."

"இப்பதானே அங்க போய்ச் சொல்லிட்டு வாறேன்" என்றாள் மரியபுஷ்பம். "ஒண்ணும் மிச்சமில்லியேம்மா. நாளைக்கு வாயேன்."

நாளைக்கு வரை பிள்ளை தாங்காது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"உங்களை நீங்களே ஏசிப் பாத்தீங்களா?" என்றார் சிஸ்டர்.

"அத முதல் நாள்லேருந்து செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன். அதுல சத்தே இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் பிள்ளையைத் தராசில் கிடத்தினார். அவன் மெல்லக் கண்ணைத் திறந்து தாயை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீயெல்லாம் எதுக்குப் பெத்த?" என்றான்.

முள் நகர்ந்தது. நகர்ந்த இடத்திலேயே நின்றது.

"தானே சாப்பிடப் பழகிட்டான். இனி நீங்க யார் வாசல்லயும் நிக்க வேண்டாம்" என்றார் சிஸ்டர், கையைக் கழுவிக்கொண்டே.

ஜெசிந்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.