வலக்கைப் பெருவிரல்

அப்பாவின் இடது கைக்குக் கையுறை சுலபமாக ஏறிவிட்டது. வலது கைதான் மல்காந்தியைப் படாத பாடு படுத்தியது. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெள்ளைத் துணிக்குள் செருக வேண்டியிருந்தது. பெருவிரல் வந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே உள்ளே தள்ளி, மணிக்கட்டு வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

"என்ன புள்ள செய்ற?"

பிசோ அத்தை வாசலில் நின்றாள். அப்பாவின் ஒரே தங்கை. வெள்ளைச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். முந்தாநாள் காலை அண்ணன் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டே சாய்ந்ததிலிருந்து அவள்தான் இந்த வீட்டை நடத்துகிறாள்.

"மலர்ச்சாலையில, பெட்டி எடுத்த இடத்துல குடுத்தாங்க அத்தை. இப்ப எல்லாருக்கும் போடுறாங்க."

"கொழும்புல போடட்டும். இந்தத் தெருவுல அரக்கு வேலைக்காரன் எவன் கையை மூடிக்கிட்டுப் போனான்? வர்ற சனம் அந்தப் பெருவிரலைத் தொட்டுக் கும்பிட வேணாமா? பெட்டியில ஆளை வச்சிட்டு ஆளோட கையை ஒளிச்சு வைக்கிறியா?"

மல்காந்தி கையுறையின் சுருக்கத்தை நீவினாள். அத்தையே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"ஓ, நகம் இல்லைன்னு பாக்குறியா? அதுக்கு நீ என்ன செய்வே! எல்லாம் அந்த நேர்ஸ் செஞ்ச வேலை. கண் ஆப்பரேஷனுக்குப் போன மனுசன்ட நகத்தை எதுக்கடி வெட்டுறா? கண்ணு என்ன கட்டைவிரல்லயா இருக்கு?"

சுவரோரமாகப் பாயில் இருந்த பெண்களுக்கு இது போதுமாக இருந்தது. ஒருத்தி அந்த நேர்ஸின் கை அழுகிப்போகட்டும் என்றாள். இன்னொருத்தி, அவளைப் பெற்றவள் ஒழுங்காக வளர்த்திருந்தால் இப்படிச் செய்வாளா என்று கேட்டாள். மல்காந்தியைப் பெற்றவள் சுவரில் இருந்தாள். சாவு வீட்டு வழக்கப்படி அந்தப் படத்தையும் திருப்பி மாட்டியிருந்தார்கள். அந்த மட்டுக்குப் புண்ணியம்.

நேர்ஸ் என்று ஒருத்தி கிடையாது. நகத்தை வெட்டியது மல்காந்திதான்.

அப்பா ஹீன் நைதே கண்ணுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு குருநாகலில் மகள் வீட்டில் இருந்தது நாலே நாள். மூன்றாம் நாள் மல்காந்தியின் மாமியார் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். கட்டுப்போட்ட கண்ணோடு அவர் தடவித் தடவிச் சோறு பிசைந்ததை ஒரு நிமிடம் பார்த்தாள்; பிறகு அவர் பெருவிரல் நகத்தைப் பார்த்தாள். சூடான அரக்கை நூலாக இழுத்து, மரத்தில் சுற்றி, வேண்டிய இடத்தில் நறுக்கி ஒட்டும் நகம் அது. அரை அங்குலத்துக்குமேல் நீண்டு, நுனி சாய்வாக, சிவப்பும் கறுப்பும் ஏறிப்போயிருந்தது. "அந்த நகத்தோடயா சம்பந்தி சாப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, மாமியார் பலாக்காய்க் கறிச் சட்டியை மெல்லத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

வங்கியில் நாற்பது பேருக்கு மேலாளராக இருக்கும் மல்காந்திக்கு அந்தச் சட்டி நகர்ந்ததைத் தாங்க முடியவில்லை. அவளைப் படிக்க வைத்தது அந்த நகம்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். நினைவுக்கு வந்தது. வந்தும் வெட்டினாள். மாமியாரை அனுப்பிவிட்டு, அப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, நகவெட்டியால் சதையோடு ஒட்ட வெட்டினாள். மூன்று வெட்டு. நகம் தடிப்பு, சத்தம் அறை முழுக்கக் கேட்டது. துண்டுகளைப் பத்திரிகைத் தாளில் பொறுக்கும்போது, கட்டுப்போட்ட முகம் அசையாமல் கேட்டது:

"முடிஞ்சுதா மகள்?"

"ம்."

பெருவிரலை மடக்கி, மற்ற நாலு விரலையும் அதன்மேல் மூடிக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் ஊருக்குப் போக வேண்டும் என்றார். பஸ் ஏற்றிவிட்ட கையோடு அத்தைக்குப் போன் போட்டு நேர்ஸ் கதையைச் சொன்னாள். பொய் சொல்லப் பழகாதவள், அதனால் தேவைக்கு அதிகமாகவே சொல்லிவிட்டாள். நேர்ஸ் குட்டையானவள், கண்ணாடி போட்டவள் என்றுகூடச் சொன்னாள். இது நடந்து இரண்டரை மாதம்.

உக்குவா மாமா வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அப்பாவோடு ஒரே கரி அடுப்பின் முன் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். தன் மகள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பெட்டியருகே குனிந்து, வழக்கம்போல அந்தக் கையைத் தேடினார். வெள்ளைத் துணிதான் அகப்பட்டது. அதன்மேலேயே தன் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவர் பெருவிரல் நகமும் நீளம்தான், அதுவும் சாய்வுதான். மல்காந்தி தட்டில் குப்புற அடுக்கிய வெற்றிலையை நீட்டினாள். ஒன்றை எடுத்தவர், மூலையில் சாய்த்திருந்த விசிறிக் காம்பைக் காட்டினார். பௌத்த விகாரைப் பெரிய சாது கையில் பிடிக்கும் விசிறிக்காக அப்பா அரக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பாதி உயரம் வரை சிவப்பிலும் மஞ்சளிலும் தாமரை இதழ் ஏறியிருந்தது. மீதி வெறும் மரம்.

"என்கிட்ட தாங்க அண்ணே, நான் முடிச்சிடுறேன்னேன். கேட்டாத்தானே? நாலு மாசத்துல நகம் வந்துரும், நானே முடிக்கிறேன்னார். சாதுவும் காத்திருக்கிறேன்னுட்டார்."

"அந்த நேர்ஸ் நாசமாப் போக," என்றாள் அத்தை பாயில் இருந்தபடி.

"எந்த நேர்ஸ்?"

"நகத்தை வெட்டினாளே ஆஸ்பத்திரில, அவதான்."

உக்குவா மாமா வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார்.

"நேர்ஸா? குருநாகல் பஸ் கதவுல மாட்டி ஒடிஞ்சுதுன்னுல்ல என்கிட்ட சொன்னார்? நான் விடல்ல. அதெப்பிடி அண்ணே, விரல் தப்பிச்சு நகம் மட்டும் மாட்டும்னு கேட்டேன். சிரிக்கிறார். 'நல்ல கதவு உக்குவா, எனக்கு வலிக்கவே இல்லை'ங்கிறார்."

சிரிப்பதற்கென்று சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை. பாயில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிசோ அத்தை கணக்குப் போடத் தெரியாதவள் அல்ல. அவள் கண் மல்காந்தியிடம் வந்து, அங்கிருந்து அந்தக் கையுறைக்குப் போய், மறுபடி மல்காந்தியிடம் வந்து நின்றது. உக்குவா மாமா ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று புரிந்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மல்காந்திக்குச் சட்டி நகர்ந்த அன்றைய வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டரை மாதமாக அப்பாவும் ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறார், அவளைக் காப்பதற்காக. அதிலும் நல்ல கதவாம்.

வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. "சாதுமார் வந்துட்டாங்க, எல்லாரும் எழும்புங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பெண்கள் அவசரமாகப் பாயைச் சுருட்டினார்கள். இனி சாதுமாருக்கு வெள்ளைத் துணியைத் தானம் கொடுத்து, கிண்ணம் வழிய நீர் வார்த்தால், பெட்டியை மூடிவிடுவார்கள். அத்தை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

மல்காந்தி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியருகே போனாள்.

"அத்தை," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நேர்ஸ் இல்லை. கதவும் இல்லை."

சாதுமாரின் கால் கழுவச் செம்பில் நீர் மொள்ளும் சத்தம் வெளியே கேட்டது.

அவள் கையுறையின் விளிம்பைப் பிடித்து விரல் பக்கமாகச் சுருட்டினாள். மணிக்கட்டு வந்தது. புறங்கையில் பழைய தீத்தழும்புகள் வந்தன. சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் துணி கழன்றது. இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. பெருவிரல் நுனிக்கு வந்ததும் துணி நின்றது. மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல் மட்டும் விறைப்பாக நீண்டது, விடவில்லை. உள்ளே அரிசி அளவுக்கு வளர்ந்து, அப்பா மறுபடி நுனியைச் சாய்வாகத் தீட்டியிருந்த நகம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சாதுமார் படியேறிவிட்டார்கள். அவள் இழுக்காமல், நூலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.